கை ஆறுதல் தரட்டும். இன்ஹேலரைப் பறிக்க வேண்டாம்

வடகிழக்குப் பருவமழை, மார்கழிப் பனி, போகிப் புகை என்று ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அடுத்தடுத்துச் சோதனை வரும் காலம் இது. கைபேசியைத் திறந்தால் ஒரு காணொளி கண்ணில் படுகிறது. ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார். சிகிச்சையாளர் அவர் முதுகை அழுத்துகிறார், கழுத்தைச் சட்டென்று திருப்புகிறார், சொடக்குச் சத்தம் கேட்கிறது. எழுந்து உட்கார்ந்தவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துச் சிரிக்கிறார். ‘பத்தே அமர்வு, இன்ஹேலரைத் தூக்கிப் போடலாம்’ என்று கீழே எழுத்து ஓடுகிறது. அந்த மனிதரின் சிரிப்பை நான் சந்தேகிக்கவில்லை. கீழே ஓடும் எழுத்தைத்தான் எதிர்க்க வேண்டியிருக்கிறது.

2019ஆம் ஆண்டுக்கான உலகளாவிய நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 3.4 கோடிப் பேருக்கு ஆஸ்துமா இருக்கிறது. உலகில் ஆஸ்துமா உள்ளவர்களில் இது சுமார் 13 சதவீதம். ஆனால், உலகின் ஆஸ்துமா மரணங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இந்த நாட்டில்தான் நிகழ்கின்றன.

ஆஸ்துமா மருந்தில்லாத நோயல்ல. நோயைக் கட்டுக்குள் வைக்கும் மருந்து பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. அது பலருக்குக் கிடைப்பதில்லை; கிடைத்தவர்களிலும் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். இப்படிப்பட்ட நாட்டில் ‘இன்ஹேலரை விடு’ என்று சொல்வது சின்னத் தவறல்ல.

மூச்சுக்குழாய்க்குள் நடப்பது

ஆஸ்துமாவில் கோளாறு, நுரையீரலுக்குள் காற்றைக் கொண்டுபோகும் சிறு குழாய்களில் இருக்கிறது. அவற்றின் உட்சுவர் நாள்பட்ட அழற்சியால் வீங்கித் தடித்திருக்கும். தூசி, புகை, குளிர்காற்று, சளிக்காய்ச்சல் என்று ஏதாவது ஒன்று சீண்டினால் குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகிக்கொள்ளும். உள்ளே சளியும் சேரும். உள்ளே போன காற்று முழுதாக வெளியேற முடியாமல் தேங்கிவிடும். நெஞ்சு ஏற்கெனவே காற்றால் நிரம்பி நிற்கும்போது அடுத்த மூச்சை இழுப்பது பெரும்பாடு.

அந்த நேரத்தில் ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தால், நம் கை ஏன் தானாக அவர் முதுகுக்குப் போகிறது என்பது புரியும். அவரால் படுக்க முடியாது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றி, முன்னால் குனிந்திருப்பார். தோள்கள் மேலே ஏறியிருக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தின் இருபுறத் தசைகளும் புடைத்தெழும், காறை எலும்புக்கு மேலே குழி விழும். குழந்தையாக இருந்தால் விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே இழுபடும். வழக்கமாக உதரவிதானம் சத்தமில்லாமல் செய்கிற வேலையைக் கழுத்தும் தோளும் முதுகும் முட்டிமோதிச் செய்கின்றன. இரவெல்லாம் அப்படி உழைத்த தசைகள் மறுநாள் அடித்துப்போட்டதுபோல் வலிக்கும்.

மசாஜ் சென்று சேர்வது இந்தத் தசைகளிடம்தான். களைத்துப்போன கழுத்தையும் தோளையும் பதமாகப் பிடித்துவிட்டால் வலி குறைகிறது, பதற்றம் தணிகிறது, தூக்கம் வருகிறது. பதற்றம் ஆஸ்துமாவின் கூடப்பிறந்த துன்பம். மூச்சு வாங்கும்போது பயம் வரும், பயந்தால் மூச்சு இன்னும் வேகமாகும். அதைத் தணிக்கிற எதுவும் மதிப்புள்ளதே.

ஆனால், இறுகிக் கிடக்கும் மூச்சுக்குழாயின் தசை வேறு. அது நுரையீரலின் உள்ளே இருக்கிறது, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் இயங்குவது. எவ்வளவு தேர்ந்த விரலும் வெளியிலிருந்து அதை எட்ட முடியாது. அழற்சியை அழுத்தி வெளியேற்றவும் முடியாது.

ஆராய்ந்தவர்கள் கண்டது

கைச் சிகிச்சையை மருத்துவ உலகம் பார்க்காமலேயே ஒதுக்கிவிட்டது என்று சிலர் குறைபடுகிறார்கள். அது சரியல்ல. கனடாவின் டொரன்டோ பகுதியில் 7 முதல் 16 வயது வரையுள்ள 91 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 1998இல் வெளியானது. வழக்கமான மருந்தை எல்லாரும் தொடர்ந்தார்கள். ஒரு பாதிக் குழந்தைகளுக்கு கைரோபிராக்டிக் முறையில் முதுகெலும்பு மூட்டுகளை நகர்த்தினார்கள். மறுபாதிக்கு அதேபோலத் தோன்றும் பொய்ச் சிகிச்சை. நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் இரு தரப்பிலும் தொந்தரவுகள் குறைந்திருந்தன, இரு தரப்பும் நிவாரண மருந்தைக் குறைவாகப் பயன்படுத்தின. நுரையீரலின் செயல்திறனில் மட்டும் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் இல்லை. உண்மைச் சிகிச்சைக்கும் பொய்ச் சிகிச்சைக்கும் வேறுபாடும் இல்லை.

பெற்றோரின் கையை வைத்தும் ஓர் ஆய்வு நடந்தது. அமெரிக்காவின் மயாமியில் 32 குழந்தைகள். ஒரு தரப்பில் பெற்றோர் தினமும் தூங்கப்போகும் முன் 20 நிமிடம் மசாஜ் செய்தார்கள், மறு தரப்பில் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி. ஒரு மாதத்தில் மசாஜ் பெற்ற குழந்தைகளின் பதற்றம் குறைந்தது. மூச்சை ஊதும் வேகம் கூடியது, அதிலும் சிறு குழந்தைகளிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால், 32 பேர், ஒரே மாதம். இதை வைத்து ஒரு சிகிச்சை முறையை நிறுவிவிட முடியாது. இத்துறையின் ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் மதிப்பாய்வில் தேறியவை மூன்றே சோதனைகள், மொத்தம் 156 பேர். பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது அது.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது கைச் சிகிச்சையைப் பற்றியே இல்லாத ஓர் ஆய்வு. அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்து 2011இல் வெளியானது. ஆஸ்துமா உள்ள 46 பேருக்கு வெவ்வேறு நாட்களில் நான்கு விதமாகச் செய்து பார்த்தார்கள்: உண்மையான சால்பியூட்டமால் இன்ஹேலர், மருந்தே இல்லாத பொய் இன்ஹேலர், பொய் அக்குபஞ்சர், எதுவும் செய்யாமல் காத்திருக்க வைத்தல்.

கருவியில் அளந்தபோது உண்மையான மருந்துக்கு மூச்சின் அளவு 20 சதவீதம் உயர்ந்தது. மற்ற மூன்றுக்கும் சுமார் 7 சதவீதம்தான். பிறகு, ‘எவ்வளவு தேவலை?’ என்று அவர்களையே கேட்டார்கள். உண்மை மருந்துக்கு 50 சதவீதம் தேவலை என்றார்கள், பொய் இன்ஹேலருக்கு 45, பொய் அக்குபஞ்சருக்கு 46. சும்மா காத்திருந்ததற்கு 21.

இதை நிதானமாக மறுபடி படிக்க வேண்டும். அந்த மனிதர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையாகவே தேவலையாக இருந்தது, நுரையீரல் மட்டும் தேறவில்லை. ஆஸ்துமாவில் ‘தேவலை’ என்ற உணர்வும் மூச்சுக்குழாயின் நிலையும் தனித்தனி வழியில் போகக்கூடியவை. காணொளியில் சிரிப்பவரை நான் நம்புவதும் அந்த விளம்பரத்தை நம்பாததும் இதனால்தான்.

உணர்வை மட்டும் நம்பி உதவியை நாடத் தாமதித்தால் உயிரே போகலாம். பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்களை ஆராய்ந்து 2014இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஆராயப்பட்ட 195 மரணங்களில் 45 சதவீதம், மருத்துவ உதவியை நாடும் முன்போ உதவி வந்துசேரும் முன்போ நிகழ்ந்தவை. இலவச மருத்துவம் உள்ள நாட்டிலேயே நிலைமை இது.

கைச் சிகிச்சைக்கு ஏன் போகிறார்கள்?

‘படிக்காதவர்கள் போகிறார்கள்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் ஊரில் இன்ஹேலர் மீது இருக்கும் பயம் படித்த வீடுகளிலும் இருக்கிறது. ‘பம்பு அடிக்க ஆரம்பிச்சா பழகிடும், அப்புறம் விடவே முடியாது’ என்று பாட்டி சொல்வார். பெண் பிள்ளையாக இருந்தால் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்று அலமாரியில் ஒளித்துவைப்பார்கள். ‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லைக் கேட்டாலே அம்மாக்களின் முகம் மாறிவிடுகிறது.

அந்தப் பயத்துக்குப் பதில் எளிது. தடுப்பு இன்ஹேலரில் ஒரு பெரியவர் நாளொன்றுக்கு எடுக்கும் பியூடெசொனைடு என்ற ஸ்டீராய்டின் குறைந்த அளவு 200 முதல் 400 மைக்ரோகிராம். இன்ஹேலரை நிறுத்தி, மூச்சுத்திணறல் முற்றி மருத்துவமனைக்குப் போனால் ஸ்டீராய்டு மாத்திரையாக நாளுக்குச் சுமார் 40 மில்லிகிராம் கொடுப்பார்கள். எடையை மட்டும் பார்த்தால் நூறு மடங்குக்குக் குறையாது, அதுவும் உடல் முழுக்கப் பரவும். ஸ்டீராய்டுக்குப் பயந்து இன்ஹேலரை நிறுத்துகிறவர் அதிக ஸ்டீராய்டில்தான் போய்ச் சேர்கிறார். இதை எத்தனை மருத்துவர்கள் ஒரு தாய்க்கு உட்காரவைத்துச் சொல்கிறார்கள்?

புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப், சீட்டில் நான்கு வரி, அடுத்தவர். மசாஜ் செய்கிறவரோ ஒரு மணி நேரம் செலவிடுகிறார். தூக்கம் எப்படி, வேலை எப்படி, எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேட்டுக்கொண்டே தொடுகிறார். நோயாளி மனிதராக நடத்தப்படுகிறார். அந்தக் கவனிப்பின் பசியை நம் மருத்துவமனைகள் தீர்க்காதவரை, அதைத் தீர்ப்பவர்களைத் தேடி மக்கள் போய்க்கொண்டுதான் இருப்பார்கள்.

தமிழ் மண்ணில் இந்தக் கைகளுக்கு நீண்ட மரபும் உண்டு. சித்த மருத்துவத்தின் தொக்கணம் முறையில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என்று ஒன்பது வகைச் செய்கைகள் இருக்கின்றன. தென்கோடியில் வர்ம ஆசான்கள் இருக்கிறார்கள். குழந்தைக்கு உரம் விழுந்தால் எடுத்துவிடும் பாட்டிகள் இன்றும் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். இவர்களையெல்லாம் போலி என்று ஒரே வரியில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. தள்ளிவிட்டால் மக்கள் அவர்களிடம் போவது நிற்காது, போனதை மருத்துவரிடம் சொல்வதுதான் நிற்கும்.

கை தவறும் இடங்கள்

முதல் தவறு, மூச்சுத்திணறல் முற்றியிருக்கும்போது தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருப்பது. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, நிவாரண இன்ஹேலர் எடுத்தும் தணியவில்லை என்றால் 108ஐ அழைக்க வேண்டும். இன்னொன்றும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கடுமையான திணறலில் ‘வீஸ்’ சத்தம் திடீரென்று அடங்கிப்போகலாம். காற்று போய்வருவதே நின்றுகொண்டிருப்பதன் அடையாளம் அது. முதுகைத் தேய்த்துக்கொண்டிருக்கும் வீட்டார் ‘அப்பாடா, சத்தம் குறைஞ்சிருச்சு’ என்று நினைக்கும் அந்த நேரம்தான் மிக ஆபத்தானது.

அடுத்தது கற்பூரம். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சிக் குழந்தையின் நெஞ்சில் தடவுவது பல வீடுகளின் வழக்கம். கடுமையான வாசனையே சிலருக்கு மூச்சுக்குழாயைச் சீண்டிவிடும். கற்பூரம் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கற்பூரம் கலந்த தைலம் எதுவும் வேண்டாம்.

முதுகைத் தட்டிச் சளியை வெளியேற்றும் இயன்முறைச் சிகிச்சை, மூச்சுக்குழாய் விரிந்துபோய்ச் சளி தேங்கும் சில நோய்களில் பயனுள்ளது. ஆஸ்துமாத் திணறலின்போது அப்படித் தட்டினால் இறுக்கம் கூடலாம். வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட பெரியவர்களின் எலும்பு மெலிந்திருக்கும், அவர்களின் விலாவை அமுக்கினால் முறிந்துபோகலாம். கழுத்தைச் சட்டென்று திருப்புவதால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அரிது. அரிதாக இருந்தாலும், ஆஸ்துமாவுக்குப் பலனே தராத ஒன்றுக்காக அந்த ஆபத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

என்ன செய்யலாம்?

பெற்றோரிடமிருந்து தொடங்கலாம். மூச்சு சீராக இருக்கும் நாட்களில், தூங்கப்போகும் முன் கால் மணி நேரம் பிள்ளையின் தோளையும் முதுகையும் மெதுவாகத் தடவிக்கொடுங்கள். வாசனை சேர்க்காத எண்ணெய் போதும். காசும் செலவில்லை, யாரிடமும் போக வேண்டியதும் இல்லை. ஆனால், தடுப்பு இன்ஹேலரை எடுத்து, வாய் கொப்பளித்த பிறகு இதைச் செய்யுங்கள். ஒன்று மற்றதை நினைவூட்டும்.

மூச்சை ஊதி அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரை ஆஸ்துமா உள்ள வீடுகளில் வாங்கிவைப்பது நல்லது. கைச் சிகிச்சைக்குப் போகிறவர்களும் அதைக் கூடவே எடுத்துப்போகலாம். முன்னும் பின்னும் ஊதி, எண்ணை ஒரு நோட்டில் எழுதிவைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டட்டும். உடம்பு தேவலை என்று தோன்றி எண் ஏறாமல் இருந்தால், மருந்தைக் குறைக்கும் பேச்சே எடுக்கக் கூடாது.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பு இன்ஹேலரும் அதோடு பொருத்தி மருந்தை இழுக்க உதவும் ஸ்பேசரும் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். ஸ்பேசர் வாங்க வசதியில்லாவிட்டால் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் பொருந்தும் அளவுக்கு ஓட்டை போட்டு, காற்று கசியாமல் ஒட்டிப் பயன்படுத்தலாம். அப்படிச் செய்த பாட்டில் கடை ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்கிறது என்று தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடம் சோதித்து 1999இலேயே காட்டிவிட்டார்கள். இதைச் செய்துகாட்டும் ஒரு செவிலியர் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் இருந்தால் போதும், எத்தனையோ பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையாளரையும் வீட்டுக்கே அனுப்புகிறது. தொடுவதற்கும் பேசுவதற்கும் நேரம் உள்ள, பயிற்சி பெற்ற அரசுக் கை அது. அதில் ஆஸ்துமாவை முழுமையாகச் சேர்க்க வேண்டும். வீட்டுக்கு வரும் சிகிச்சையாளர் இன்ஹேலர் பிடிக்கும் விதத்தைத் திருத்தலாம், இறுகிய கழுத்தைத் தளர்த்திவிடலாம், மூச்சுப் பயிற்சி சொல்லித்தரலாம். பிரிட்டனில் 655 பேரிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், இயன்முறைச் சிகிச்சையாளரிடம் நேரில் கற்றாலும் காணொளியைப் பார்த்துக் கற்றாலும் மூச்சுப் பயிற்சி நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தைக் கூட்டியது. நுரையீரல் அளவீடு அங்கேயும் மாறவில்லை. அதனால்தான் பயிற்சியையும் மருந்தையும் சேர்த்தே தர வேண்டும். தமிழில் அப்படியொரு காணொளியைச் சுகாதாரத் துறை தயாரித்து, மக்கள் பார்க்கும் அதே கைபேசித் திரைக்கு அனுப்பலாம்.

விளம்பரங்களைப் பற்றி அரசு கண்டும் காணாமல் இருக்கக் கூடாது. ஆஸ்துமாவைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கோரக் கூடாது என்று மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை சொல்கிறது. மருந்தே தராமல் கையால் குணமாக்குவதாகச் சொல்பவர் இந்த விதிக்குள் சிக்குவதில்லை. ஆனால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைகளுக்கான பொய் விளம்பரங்களையும் தண்டிக்கிறது. முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ‘இன்ஹேலரை நிறுத்துங்கள்’ என்று சொல்லும் காணொளிகளை மாவட்ட நிர்வாகங்களே கண்டறிந்து நடவடிக்கைக்கு அனுப்ப வேண்டும். பொதுமக்களும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் தரலாம்.

கைச் சிகிச்சை செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிறவரிடம் இன்ஹேலர் இருக்கிறதா, கடைசியாக எப்போது எடுத்தார், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். திணறலோடு வருபவரைப் படுக்கவைக்காமல், நிமிர்த்தி உட்காரவைத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ‘மருந்தை நிறுத்தாதீர்கள்’ என்று ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டுங்கள்.

கடைசியாக, ஆய்வு. தாம்பரம் சானடோரியத்தில் அரசு நெஞ்சக மருத்துவமனை இருக்கிறது. அதே வட்டாரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. நுரையீரலை அளக்கத் தெரிந்தவர்களும் தொக்கணம் தெரிந்தவர்களும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறார்கள். இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தலாம். எல்லாருக்கும் இன்ஹேலர், அதில் பாதிப் பேருக்குக் கூடவே தொக்கணம், மறுபாதிக்கு அதே நேரம் அதே அக்கறையோடு வெறும் பேச்சும் ஓய்வும். நுரையீரல் திறனைக் காட்டும் ஸ்பைரோமெட்ரி அளவு, இரவில் விழித்த நாட்கள், மருத்துவமனைக்கு ஓடிய தடவைகள், மூன்றையும் ஓராண்டுக்குக் குறிக்க வேண்டும். தொடங்கும் முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு செய்து, முடிவு எப்படி வந்தாலும் ஆங்கில இதழில் வெளியாகும் அன்றே தமிழிலும் வெளியிட வேண்டும்.